காலிப் பீடத்துக்கும் சண்டை வந்தது: புத்தர் சிலைகளும் அரசர்களும்

கேள்வி இதுதான்: அரண்மனையை விட்டு வெளியேறிய ஒருவருக்கு, ஆசையை விடச் சொன்ன ஒருவருக்கு, பண்டைய அரசர்கள் ஏன் இவ்வளவு பெரிய பெரிய சிலைகளை எழுப்பினார்கள்? அது பக்தியா, இல்லை அதிகாரத்தைக் காட்டும் வழியா?

இரண்டும்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் எதையும் சொன்னதாகாது. எந்தச் சிலையில் எது எவ்வளவு, அதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சிலையே இல்லாத ஒரு கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். மணிமேகலை மணிபல்லவத் தீவில் கண் விழிக்கும்போது அவள் காண்பது புத்தர் சிலையை அல்ல, ஒரு பீடிகையை. வெறும் இருக்கை. அந்த இருக்கைக்காக நாகநாட்டு மன்னர்கள் இருவர் படை திரட்டிச் சண்டை போட்டார்கள் என்கிறது காப்பியம். இருவராலும் அதைத் தூக்க முடியவில்லை, விட்டுப் போகவும் மனமில்லை. ‘எமது ஈது’ என்று ஆளுக்கு ஆள் உரிமை கொண்டாடுகிறார்கள். அப்போது புத்தர் வருகிறார். ‘போரை விடுங்கள், எமது ஈது’ என்று சொல்லி அதில் அமர்ந்து அறம் உரைக்கிறார். மன்னர்கள் சொன்ன அதே இரண்டு சொற்கள். இலங்கையின் மகாவம்சத்திலும் இதே கதை வருகிறது. அங்கே மாமனும் மருமகனுமான இரண்டு நாக அரசர்கள் ஒரு மணி ஆசனத்துக்காக மோதுகிறார்கள். புத்தர் அமரும் இடம் என்றால் அது அரசர்கள் போட்டி போடும் இடமாகவும் இருக்கும் என்பது கதை சொன்னவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

கதையில் மட்டுமல்ல, கல்லிலும் தொடக்கத்தில் இருந்தது காலி இருக்கைதான். பார்ஹுத், சாஞ்சி போன்ற இடங்களின் பழைய சிற்பங்களில் புத்தரை மனித உருவில் காட்ட மாட்டார்கள். போதி மரம், பாதச் சுவடு, சக்கரம், யாரும் அமராத ஆசனம், இவைதான். சாஞ்சியின் கிழக்குத் தோரணத்தில் சித்தார்த்தர் அரண்மனையை விட்டுக் கிளம்பும் காட்சி இருக்கிறது. குதிரை போகிறது, முதுகில் யாரும் இல்லை. ஆனால் அந்த வெற்றிடத்துக்கு மேலே ஒருவன் குடை பிடித்துக்கொண்டே நடக்கிறான். முதல்முறை அதைக் கவனித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சிலிர்க்கவும் செய்தது. குடை என்பது நம் ஊரில் என்ன? வெண்கொற்றக் குடை. அரசனுக்கு உரியது. உருவத்தைக் காட்டத் தயங்கிய சிற்பி, அரச அடையாளத்தைக் காட்டத் தயங்கவில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. சித்தார்த்தர் பிறந்தபோது குறி பார்த்தவர்கள் சொன்னதாக வரும் வாக்கு எல்லோருக்கும் தெரியும்: வீட்டில் இருந்தால் சக்கரவர்த்தி ஆவான், துறந்தால் புத்தன் ஆவான். அவர்கள் உடம்பில் பார்த்த மகாபுருஷ லட்சணங்கள் 32. இரண்டு வாழ்க்கைக்கும் அதே 32 அடையாளங்கள்தான். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். புத்தரைச் செதுக்கும் சிற்பி, இலக்கணப்படி ஒரு சக்கரவர்த்தியின் உடம்பைத்தான் செதுக்குகிறான். அமர வைப்பது சிங்க ஆசனத்தில். சுற்றிலும் குடை, சாமரம், சக்கரம். ஆகவே அரசர்கள் பிற்காலத்தில் வந்து துறவியின் உருவத்தை அபகரித்துக்கொண்டார்கள் என்று சொல்வது முழுக்கச் சரியில்லை. அரசனின் அடையாளங்கள் அந்த உருவத்துக்குள் முதலிலிருந்தே இருந்தன.

அசோகர்கூடப் புத்தர் சிலை எதையும் செய்யவில்லை. அவர் நட்டவை தூண்கள். லும்பினியில் இருக்கும் தூண் கல்வெட்டு மிகச் சிறியது. புத்தர் பிறந்த இடம் என்பதால் அரசரே வந்து வணங்கினார். இந்த ஊருக்குப் பலி வரி நீக்கப்பட்டது. விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். அவ்வளவுதான். வணக்கமும் வரியும் ஒரே மூச்சில்.

சரி, உருவம் எப்போது வந்தது? குஷாணர் காலத்தில், கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளில், காந்தாரத்திலும் வட மதுராவிலும் மனித உருவப் புத்தர்கள் பெருகினார்கள். கனிஷ்கரின் நாணயங்கள் சிலவற்றில் புத்தர் நிற்கிறார், பக்கத்தில் கிரேக்க எழுத்தில் அவர் பெயர். உடனே ‘கனிஷ்கர் பௌத்தப் பேரரசர்’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அதே கனிஷ்கரின் மற்ற நாணயங்களில் ஈரானியத் தெய்வங்கள் இருக்கின்றன, சிவனைப் போன்ற உருவம் இருக்கிறது. புத்தர் உள்ள காசுகள்தான் அரிது. பல மக்களை ஆண்ட ஒருவன் எல்லோருடைய தெய்வத்தையும் தன் காசில் ஏற்றிக்கொண்டான் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

அதைவிடச் சுவையானது கனிஷ்கரின் மூன்றாம் ஆட்சியாண்டில் சாரநாத்தில் நிறுவப்பட்ட சிலை. மதுராவின் சிவப்புக் கல்லில் செய்து அங்கிருந்து கொண்டுபோனது. ஆளுயரத்தைவிடப் பெரியது, தோளை அகட்டி, காலை ஊன்றி நிற்கும் அந்த நிற்பில் துறவி தெரிவதைவிட வீரன்தான் தெரிவான். மேலே ஒரு பெரிய கல் குடை. கல்வெட்டைப் பார்த்தால் செய்து வைத்தவர் பாலர் என்ற பிக்கு. தன் பெற்றோர், ஆசிரியர்கள் என்று வரிசையாகப் பெயர் சொல்லிவிட்டு, கரபல்லானன், வனஸ்பரன் என்ற இரண்டு சத்ரபர்களையும் புண்ணியத்தில் சேர்த்துக்கொள்கிறார். முன்கை எடுத்தது பிக்கு, ஆளுநர்கள் பெயர் கூட வருகிறது. எல்லா உயிர்களின் நலத்துக்காக என்று முடிகிறது. அதிகாரம் இங்கே சிலையின் சொந்தக்காரராக இல்லை, அழைக்கப்பட்ட விருந்தாளியாக இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் திரும்ப வருவேன்.

அரசன் விருந்தாளியாக இல்லாமல் தானே சிலைக்குள் போய் உட்கார்ந்த இடம் வட சீனா. எனக்குத் தெரிந்தவரை இந்த விஷயத்தில் அதைவிட அப்பட்டமான உதாரணம் கிடையாது. வட வெய் அரச மரபு சீனர்கள் அல்லாத தொபா குலத்தாருடையது. வெளியிலிருந்து வந்து ஆண்டவர்கள், வெளியிலிருந்து வந்த மதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பிக்குகள் அரசனை வணங்கலாமா என்பது அந்தக் காலத்தில் பெரிய சர்ச்சை. தலைமைப் பிக்குவாக இருந்த ஃபாகுவோ இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்: நம் பேரரசரே இன்றைய ததாகதர், ஆகவே நான் அரசனை வணங்கவில்லை, புத்தரைத்தான் வணங்குகிறேன். சாமர்த்தியமான பதில். ஆனால் அதற்கு விலை இருந்தது.

446-இல் தைவூ என்ற பேரரசர் பௌத்தத்துக்கு எதிராகத் திரும்பினார். கோயில்கள் இடிந்தன, சிலைகள் உடைந்தன. 452-இல் அவர் இறந்தார். அவருடைய பேரன் வென்செங் அரியணை ஏறிய உடனே மதத்தை மீட்டதோடு, தன் உடம்பை மாதிரியாக வைத்து ஒரு கல் சிலை செய்யச் சொன்னார். செய்து முடித்துப் பார்த்தால் முகத்திலும் பாதத்திலும் கல்லுக்குள்ளேயே கறுப்புப் புள்ளிகள் இருந்தனவாம். அரசருக்கு எங்கெங்கே மச்சமோ அங்கங்கே. வெய் வரலாற்று நூல் இதை அற்புதம் என்று பதிவு செய்கிறது. 454-இல் தன் குலத்தின் ஐந்து பேரரசர்களுக்காக ஐந்து செம்புச் சாக்கியமுனிகள். 460 வாக்கில் தான்யாவ் என்ற பிக்குவின் மேற்பார்வையில் யுன்காங் மலைச் சரிவில் ஐந்து பெருங்குகைகள். இன்று 16 முதல் 20 வரை எண்ணிட்டிருக்கும் குகைகள் அவை. ஐந்து குகை, ஐந்து மாபெரும் சிலை, ஐந்து பேரரசர்கள் என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் கணக்குப் போடுகிறார்கள். 20ஆம் குகையின் முன்சுவர் விழுந்துவிட்டதால் அங்கே அமர்ந்திருக்கும் சுமார் 14 மீட்டர்ச் சிலை வெட்டவெளியைப் பார்த்தபடி இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பாதுகாப்பு இருப்பதைக் கவனித்தீர்களா? உடைக்கச் சொன்ன தைவூவும் அந்த ஐவரில் ஒருவர். இனி யாராவது சிலையை உடைக்க வந்தால் அவன் தன் முன்னோர்களை உடைக்க வேண்டும். செம்பை உருக்கலாம், மலையை என்ன செய்வது? பிக்குகள் அரசனுக்குத் தெய்வத்தன்மை கொடுத்தார்கள், பதிலுக்குத் தங்கள் மதத்துக்குக் காப்பீடு வாங்கிக்கொண்டார்கள். இதைப் பக்தி என்று சொன்னாலும் சரி, பேரம் என்று சொன்னாலும் சரி, இரண்டும் பொருந்தும்.

சீனாவின் லோங்மென் குகைகளில் இருக்கும் வைரோசன புத்தரைப் பற்றியும் பலர் கேட்பார்கள். 17 மீட்டருக்கு மேல் உயரம். பேரரசி வூ 672-இல் தன் ஒப்பனைச் செலவுப் பணத்திலிருந்து 20,000 கோவைக் காசு கொடுத்தார் என்று அங்கேயே கல்வெட்டு இருக்கிறது; வேலை 675-இல் முடிந்தது. அந்த முகம் வூவின் முகமே என்பது சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பிடித்த கதை. கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. நான் நம்புவதும் இல்லை. பின்னாளில் அவர் தன்னை, இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயராகவே அறிவித்துக்கொண்டது உண்மை. அந்தக் கதையைப் பின்னோக்கி இழுத்து இந்த முகத்தில் ஒட்டிவிட்டார்கள்.

ஜப்பானுக்கு வந்தால் அதே கலவை வேறு ருசியில் கிடைக்கிறது. 735 முதல் 737 வரை பெரியம்மை நாட்டையே உலுக்கியது. அரசவையில் கோலோச்சிய ஃபுஜிவாரா சகோதரர்கள் நால்வரும் 737-இல் அதில் இறந்தார்கள். 740-இல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே கலகம் செய்தார். பேரரசர் ஷோமு தலைநகரை மாற்றி மாற்றிப் பார்த்தார். 743-இல் பெரிய புத்தரை வார்க்க ஆணை போட்டார். அந்த ஆணையின் சாரம் இது: நாட்டின் செல்வம் என்னிடம் இருக்கிறது, அதிகாரமும் என்னிடம் இருக்கிறது, இவற்றைக் கொண்டு சிலை செய்வது சுலபம், ஆனால் அப்படிச் செய்தால் மனம் அதில் சேராது. ஆகவே ஒரு புல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டுவர விரும்புகிறவன் வரட்டும், அதைக் காரணமாக வைத்து அதிகாரிகள் மக்களை வருத்தக் கூடாது. எழுதிய கை நேர்மையானதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் சுமார் 500 டன் செம்பு பிடித்த வேலையில் மக்கள் வருந்தாமல் இருந்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

மக்களைச் சேர்க்க ஷோமு பிடித்த ஆள் யார் தெரியுமா? கியோகி. ஊர் ஊராகப் போய்ப் பாலம் கட்டி, குளம் வெட்டி, உபதேசம் செய்த பிக்கு. 717-இல் இதே அரசு அவருக்குத் தடை போட்டிருந்தது, அனுமதியில்லாமல் கூட்டம் சேர்க்கிறார் என்று. இப்போது அந்தக் கூட்டம் தேவைப்பட்டது. 745-இல் அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த பிக்குப் பட்டம்.

749-இல் முலாம் பூசத் தங்கம் போதாமல் தவித்த நேரத்தில் வடகிழக்கே முத்சு நாட்டில் தங்கம் கிடைத்தது. ஷோமு சிலைக்கு எதிரில் போய், மும்மணிகளின் (புத்தர், தர்மம், சங்கம்) அடிமை என்று தன்னை அழைத்துக்கொண்டார். சூரிய தேவதையின் வழித்தோன்றல் என்று கருதப்பட்ட பேரரசர் சொன்ன வார்த்தை இது. அந்த ஆண்டே மகளிடம் அரியணையைக் கொடுத்தார். 752-இல் கண் திறப்பு விழா. இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற பிக்கு தூரிகை பிடித்தார். தூரிகையில் கட்டிய நீண்ட நூலைக் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள், கண் எழுதும் புண்ணியம் எல்லோருக்கும் சேர வேண்டும் என்று. அந்தத் தூரிகை, சிலை இருக்கும் நாரா நகரின் பொக்கிஷக் களஞ்சியத்தில் இன்றும் இருக்கிறது. சிலையோ பலமுறை காயம்பட்டது. 855-இல் தலை விழுந்தது, 1180-இலும் 1567-இலும் போரில் கோயில் எரிந்தது. இன்று நாம் பார்க்கும் 15 மீட்டர்ச் சிலையின் பெரும்பகுதி பிற்காலத்து வார்ப்பு.

கொரியாவின் சில்லா அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. 574-இல் ஹ்வாங்யோங்சா கோயிலுக்கு வார்த்த பெரிய சிலைக்கு அவர்கள் சொன்ன கதை: அசோகர் மூன்று சிலை வார்க்க முயன்று முடியாமல், இரும்பையும் தங்கத்தையும் கப்பலில் ஏற்றி, பாக்கியம் உள்ள நாட்டில் போய் வடிவம் பெறுக என்று கடலில் விட்டார், அது சில்லாவின் கரையில் ஒதுங்கியது, அங்கே ஒரே வார்ப்பில் முடிந்தது. அசோகராலேயே முடியாதது எங்களால் முடிந்தது என்று அர்த்தம். 1238-இல் மங்கோலியர்கள் கோயிலை எரித்தார்கள். சிலை நின்ற பீடக் கற்கள் மட்டும் புல்வெளியில் கிடக்கின்றன.

அப்புறம், சிலையைப் பறிப்பது. ஒரு சிலையில் அதிகாரம் இருந்ததா என்று சந்தேகம் வந்தால் நான் பார்க்கும் முதல் சோதனை இதுதான்: எதிரி அதைத் தூக்கிக்கொண்டு போனானா? இதில் நம் கைங்கரியமும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் இலங்கை மேல் படையெடுத்தான். அரசனாக இருந்த முதலாம் சேனன் மலைநாட்டுக்கு ஓடினான். அநுராதபுரம் சூறையாடப்பட்டது. மணி மாளிகையில் இருந்த பொன் புத்தர், கல் சிலை ஒன்றில் கண்களாகப் பதித்திருந்த இரண்டு மணிகள், தூபிகளில் போர்த்தியிருந்த பொன் தகடுகள் எல்லாம் மதுரைக்குப் போயின என்று சூளவம்சம் வலியோடு கணக்குச் சொல்கிறது.

அடுத்து வந்த இரண்டாம் சேனன் ஒருநாள் மணி மாளிகைக்குள் போனான். பீடம் மட்டும் இருந்தது. ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டான். அமைச்சர்கள் நடந்ததைச் சொன்னார்கள். கேட்ட அவனுக்கு, தானே தோற்றுப்போனது போன்ற அவமானம். அரியணைக்கு உரிமை கேட்டுச் சண்டையிட்டுக்கொண்டிருந்த பாண்டிய இளவரசன் ஒருவன் உதவி கேட்டு வந்தது வசதியாகப் போயிற்று. 862 வாக்கில் சிங்களப் படை மதுரைக்குள் புகுந்தது. பொன் புத்தர் திரும்பி வந்து பழைய பீடத்தில் அமர்ந்தார். இது இலங்கை நூல் சொல்லும் கதை. பாண்டியரின் சின்னமனூர்ச் செப்பேடுகளோ ஸ்ரீவல்லபனின் ஈழ வெற்றியை மட்டும் பேசும். வென்றதைச் சொல்வதில் எல்லோரும் ஒரே மாதிரிதான்.

இங்கே பாண்டியனுக்குப் புத்தர் மேல் வெறுப்பா என்று கேட்கிறார்கள். தேவையில்லை. தங்கம் தங்கம்தான், அது ஒன்று. இன்னொன்று, தோற்றவன் வணங்கியதை எடுத்து வருவது அன்றைய போர் வழக்கம். சோழன் ராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்துத் துவாரபாலகர் சிலையைத் தூக்கி வந்தான், இரண்டு பக்கமும் சைவக் கோயில்கள்தான். கல்யாணபுரம் எறிந்து கொண்டுவந்தது என்று அந்தச் சிலையின் பீடத்திலேயே எழுதி வைத்தார்கள், பின்னால் வருகிறவர்கள் மறந்துவிடக் கூடாதே.

பறிபோவதில் உலகத்திலேயே பெயர் பெற்றது மரகத புத்தர். மரகதம் என்பது பெயர்தான், பச்சைக் கல். உயரம் 66 சென்டிமீட்டர், ஒரு சின்னக் குழந்தை அளவு. 1434-இல் இன்றைய வட தாய்லாந்தின் சியாங் ராயில் ஒரு தூபியில் இடி விழுந்து, சுண்ணச் சாந்து பூசிய சிலை வெளிப்பட்டு, சாந்து உதிர்ந்து பச்சை தெரிந்தது என்பது கதை. அந்தப் பகுதியை ஆண்ட லன்னா மன்னன் அதை யானை மேல் ஏற்றித் தன் தலைநகர் சியாங் மாய்க்கு அழைத்தான். யானை மூன்று முறையும் லம்பாங் பாதையில் திரும்பியதாம். விட்டுவிட்டார்கள். 1468-இல்தான் அது சியாங் மாய் போனது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் லாவோஸ் மன்னன் சேத்தாதிராத் லுவாங் பிரபாங்குக்கு, பிறகு வியன்டியனுக்குக் கொண்டுபோனான். 200 ஆண்டுகளுக்கு மேல் அங்கே. வியன்டியனைப் பிடித்த சயாமியத் தளபதி சக்ரி அதை எடுத்து வந்தார். அவரே முதலாம் ராமராகப் பட்டம் சூடி, பாங்காக்கைத் தலைநகராக்கி, 1784-இல் அரண்மனை வளாகத்துக்குள்ளேயே கோயில் கட்டி அமர்த்தினார். தலைநகரின் முழுப்பெயரில் வரும் ரத்தனகோசின் என்ற சொல் இந்த மணியைத்தான் குறிக்கிறது. அதிகாரிகள் அதன் முன்னால் மந்திர நீர் குடித்து அரசனுக்கு விசுவாசச் சத்தியம் செய்தார்கள். கோடை, மழை, குளிர் என்று ஆண்டுக்கு மூன்று முறை அதற்கு உடை மாற்றுவது இன்றும் தாய்லாந்து அரசரின் வேலை. கோயில் பூசாரியின் வேலையை அரசன் செய்கிறான் என்றால், அந்தச் சிலை யாருக்கு என்ன என்பது விளங்கும்.

அளவைப் பாருங்கள். 66 சென்டிமீட்டர். பெரிய சிலை என்றால் பெரிய அதிகாரம் என்று நினைக்கிறோம். தூக்கிச் செல்ல முடிகிற சின்னச் சிலையில்தான் அரசுரிமை குடியிருந்தது. லாவோஸின் பிரா பாங் என்ற புத்தர் சிலையும் அப்படியே, 83 சென்டிமீட்டர். மறுபக்கம், சீனாவின் லெஷானில் 71 மீட்டர் உயரத்துக்கு மலையைக் குடைந்து அமர்த்திய புத்தர் எந்தப் பேரரசரின் யோசனையும் அல்ல. 713-இல் ஹைத்தோங் என்ற பிக்கு, ஆறுகள் கூடும் இடத்தில் படகுகள் கவிழ்கின்றனவே என்று நன்கொடை திரட்டித் தொடங்கியது. அவர் இறந்த பிறகு வேலை நின்று, அதிகாரிகள் கை கொடுத்து, 803-இல் முடிந்தது.

உடைப்பதற்கும் இரண்டு உதாரணம் சொல்லிவிடுகிறேன். கம்போடியாவின் ஏழாம் ஜயவர்மன் 1186-இல் தா புரோமில் தன் தாயை ஞானத்தின் தேவியான பிரஞ்ஞாபாரமிதையாகவும், 1191-இல் பிரியா கானில் தந்தையைக் கருணையின் போதிசத்துவரான லோகேசுவரராகவும் சிலை வைத்தான். ஜயபுத்தமகாநாதர் என்று தன் பெயரையும் கலந்த 23 புத்தர்களை நாட்டின் ஊர்களுக்கு அனுப்பினான். கல்லில் எழுதிய ஆட்சி வரைபடம் என்று சொல்லலாம். பயோன் கோயிலின் நடு அறையில் 3.6 மீட்டரில் நாகத்தின் மேல் அமர்ந்த புத்தர். அடுத்த நூற்றாண்டில் காற்று மாறியது. சுவர் மாடங்களில் இருந்த புத்தர்களைக் கொத்தி எடுத்தார்கள், சிலவற்றை லிங்கமாக மாற்றினார்கள். 1933-இல் பயோனின் நடு அறைக்குக் கீழே தோண்டியபோது அந்தப் பெரிய புத்தர் துண்டு துண்டாகக் குழிக்குள் கிடைத்தார். வணங்க மட்டும் வைத்திருந்தால் ஓரமாக நகர்த்தியிருப்பார்கள். அரசனின் பெயரும் சேர்ந்திருந்ததால் உடைத்துப் புதைக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று எந்தக் கோபமும் இல்லாத உடைப்பு. 955-இல் சீனாவின் பின் சோ பேரரசர் ஷிசொங், காசடிக்கச் செம்பு இல்லை என்று செம்புச் சிலைகளை உருக்க ஆணையிட்டார். அமைச்சர்கள் தயங்கினார்கள். அவர் சொன்ன சமாதானம்: மற்றவர்களுக்கு உதவும் என்றால் புத்தர் தன் தலையையும் கண்ணையும்கூடத் தானம் செய்தவர் ஆயிற்றே, செம்பையா கொடுக்க மாட்டார்? புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் சாதகக் கதைகளைப் படித்தவர் போல. எதிர்வாதம் சொல்வது கஷ்டம்.

இதுவரை அரசர்களாகவே பேசிவிட்டேன். பாலர் பிக்குவை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? மொத்தக் கணக்கில் பார்த்தால் அவரைப் போன்றவர்கள்தான் அதிகம். சாஞ்சியின் தெற்குத் தோரணத்தில் ஒரு பகுதியைச் செதுக்கிக் கொடுத்தவர்கள் விதிசையின் தந்தவேலைக்காரர்கள். அங்குள்ள நூற்றுக்கணக்கான சிறு கல்வெட்டுகளில் பிக்குணிகள், வணிகர்கள், குடும்பப் பெண்கள் பெயர்கள். லோங்மெனில் பேரரசியின் சிலையைச் சுற்றி ஒரு லட்சத்துக்கு மேல் உருவங்கள். அவற்றில் எத்தனையோ கையளவு மாடங்கள், இறந்த பிள்ளைக்காக, போருக்குப் போன கணவனுக்காகச் செய்தவை. நாகார்ஜுனகொண்டாவில் இக்ஷ்வாகு மன்னர்கள் வேத வேள்வி செய்தார்கள். அதே குடும்பத்துப் பெண்கள் மகாதூபிக்குக் கொடை கொடுத்தார்கள். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்குச் சைவனான ராஜராஜன் 1006-இல் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தான். அது நிச்சயம் ராஜதந்திரம். 1025-இல் ராஜேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் கப்பற்படை அனுப்பினான். விகாரம் மட்டும் தொடர்ந்து நடந்தது, குலோத்துங்கன் காலத்திலும் அதற்குக் கொடை போயிற்று. ஆனால் 1856-இலிருந்து அந்த மண்ணில் கிடைத்த சுமார் 350 வெண்கலங்கள் பெரும்பாலும் சின்னஞ்சிறியவை. கடல் கடந்து வந்தவர்களும் உள்ளூர்க்காரர்களும் வைத்துப்போன நேர்ச்சைகள். அவற்றுக்கும் ராஜதந்திரத்துக்கும் சம்பந்தமில்லை.

ஆகவே ஒரு சிலையைப் பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டுப் பீடத்தைப் பாருங்கள் என்பேன். யார் பெயர் முதலில் வருகிறது, ஆட்சியாண்டு வருகிறதா, புண்ணியம் யாருக்கு ஒதுக்கப்படுகிறது. எங்கே இருந்தது என்று கேளுங்கள்: அரண்மனை மதிலுக்குள்ளா, வணிகப் பாதையிலா, துறைமுகத்திலா. எத்தனை முறை இடம் மாறியது என்று கேளுங்கள். சாந்தமான முகம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அதிலிருந்து எதுவும் தெரியாது.

கடைசியாக ஒன்று, கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தம் இல்லை என்றாலும். பர்மாவின் மாண்டலேயில் மகாமுனி புத்தர் இருக்கிறார். 1784-இல் மன்னன் போதபயாவின் படை அரக்கான் நாட்டைப் பிடித்து அங்கிருந்து கொண்டுவந்தது. பக்தர்கள் ஒட்டிய தங்கத் தகடுகளால் உடம்பு உருமாறிப்போன சிலை. அதே வளாகத்தில் ஆறு வெண்கல உருவங்கள் தனியாக நிற்கின்றன. அவை புத்தரே அல்ல. இரண்டு காவல் வீரர்கள், மூன்று சிங்கம், மூன்று தலை ஐராவதம். அங்கோரில் வார்த்தவை. 1431-இல் அயுத்தயா மன்னன் அங்கோரிலிருந்து எடுத்துப் போனான். 1569-இல் பர்மிய மன்னன் பயின்னாங் அயுத்தயாவிலிருந்து பெகுவுக்கு. 1599-இல் அரக்கான்காரர்கள் பெகுவிலிருந்து. பிறகு போதபயா. நான்கு தலைநகரங்களின் தோல்வி அந்த உலோகத்தில் இருக்கிறது. இன்று அங்கே வருகிறவர்கள் தங்களுக்கு எங்கே வலிக்கிறதோ வீரர்களின் உடம்பில் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டுப் போகிறார்கள். வயிற்று வலிக்காரர்கள்தான் அதிகம் போலிருக்கிறது, வயிற்றுப் பகுதி தேய்ந்து பளபளக்கிறது.